உப்பைத் தவிர ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வேதாரண்யத்தை அடுத்த எங்கள் அகஸ்தியம்பள்ளி ரயில் நிலையம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, நம் ஊர்ப் பெயர் அச்சில் வந்த மகிழ்ச்சியில். இரண்டாம் முறை, 'உப்பைத் தவிர ஒன்றுமில்லாத கடைசி ஊருக்கு 294 கோடியில் அகலப்பாதை தேவையா?' என்ற வரியைக் கண் தவறிப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில்.

உண்மைதான் ஐயா, உப்பைத் தவிர ஒன்றுமில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி பதினைந்து நாள் நடந்து வந்தது அந்த ஒன்றுமில்லாததற்குத்தான். 30ஆம் தேதி உப்பை அள்ளியவரைக் கைது செய்த வெள்ளைக்காரனுக்காவது அதன் மதிப்பு தெரிந்திருந்தது. சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டுச் சிறை சென்ற நாவிதர் வைரப்பனின் அந்தப் போராட்டக் கதை தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

என் தகப்பனார் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. அப்போது மீட்டர்கேஜ் வண்டி கோடியக்கரை வரை போகும். பாத்தியில் நிற்பவர்களுக்குக் கடிகாரம் ஏது? வண்டிச் சத்தம் கேட்டால்தான் கஞ்சிக் கலயத்தைத் திறப்பார்கள். பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று வண்டியை நிறுத்தினார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வெறும் 37 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில்தான் மறுபடி ரயில் வந்தது. அதுவரை பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போன எங்களைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தங்களுக்குக் கட்டுரை தோன்றவில்லை. கோடியக்கரைக்கு இன்னும் ரயில் இல்லை என்பதாவது கட்டுரையில் இருக்கும் என்று தேடினேன்.

கஜா புயலின்போதும் இப்படித்தான். 2018இல் என் வீட்டுக் கூரை பறந்த மறுநாள், தங்கள் முதல் பக்கத்தில் வேதாரண்யம் ஐந்தாவது பத்தியில் இருந்தது. அந்த இதழும் பத்து நாள் கழித்து, உறவினர் ஒருவர் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்ததால் என் கைக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டு வாசகன் என்பதால் அப்போது எழுதவில்லை.

கட்டுரையில் ஊர்ப் பெயரை மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறீர்கள். சம்பந்தர் அகத்தியான்பள்ளி என்று பாடிய தலம் இது. தங்களுக்கு விருப்பமான ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு மேலே இருக்கும் படம் எங்கள் நிலையமே அல்ல, வேதாரண்யம் நிலையம். அதற்கு மட்டும் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
கடைசி ஊர் வாசகன்,
அகஸ்தியம்பள்ளி