அறியாமைப் பலகை: அலுவலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலகத்தாருக்கு,

வணக்கம். புதுச்சேரியில் உங்கள் கவுன்டருக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: "பொதுமக்களின் அறியாமையால் ஏற்படும் தாமதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." போன வாரம் அதற்கு நேர் கீழே, அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு பாட்டி நின்றிருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டினார். "வருமானச் சான்றிதழ் எங்கம்மா? இதுகூடத் தெரியாதா?" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "யாரும் சொல்லலையே தம்பி" என்றார். அது அவருக்கு மூன்றாவது நடை.

பாட்டியிடம் இருந்தது அறியாமைதான், மறுக்கவில்லை. ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அறி, ஆ, மை. நடுவில் இருக்கும் ஆ எதிர்மறை, அவ்வளவுதான், வசவு கிடையாது. வள்ளுவர் கல்லாமை, பேதைமை, புல்லறிவாண்மை என்று தனித்தனி அதிகாரம் வைத்துக் கண்டிக்கிறார். அறியாமைக்கு அப்படி ஓர் அதிகாரம் இல்லை. 1110ஆம் குறளில், அதுவும் காமத்துப்பாலில், "அறிதோறு அறியாமை கண்டற்றால்" என்கிறார். அறிய அறியத்தான் இதுவரை அறியாதிருந்தது தெரிகிறதாம். புல்லறிவாண்மை வேறு: கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்ததாக நினைப்பது. அது கவுன்டருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர், இருந்தார். தெரியாததைக் கேட்டால் "ஜின்யோர்" என்பார். பிரெஞ்சில் 'நான் அறியேன்' என்று பொருள். சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமே இருக்காது. ஆங்கில இக்னரன்ஸும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். 'இல்லை' என்னும் முன்னொட்டும், அறிதலைக் குறிக்கும் 'க்னோ'வும் சேர்ந்தது. நம் அஞ்ஞானத்தில் இருக்கும் ஞானம்கூட அந்த 'க்னோ'வுக்கு உறவு, வடமொழி வழியாக. ஆனால் இக்னோர் என்ற வினைச்சொல் ஆங்கிலத்தில் திசைமாறி, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவது என்றாகிவிட்டது. சரி, பாட்டிக்கு மூன்று நடையும் நேர்ந்தது அதுதானே?

பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, பார்த்தேன். திருப்பி மாட்டி, என்னென்ன தாள் வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். பாட்டி திங்கட்கிழமை மறுபடி வருகிறார்.

இப்படிக்கு,
அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவன்