அக்கா கையெழுத்துப் போட வேண்டாம்

கார்க், அயர்லாந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தையும் ஏத்தங்காய்ச் சிப்ஸையும் மாமா மகன் கொண்டுவந்து தந்தான். இத்தனை நாள் ஒரு வரி எழுதவில்லை என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். போனில் பேசினால் அண்ணன் பக்கத்திலேயே நிற்பான், அதனால் இதை அக்கா வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் சுகம். குளிரைவிட மழைதான் அதிகம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு என்று ஊரில் பெருமை பேசுவோமே, இங்கே பருவமெல்லாம் கிடையாது, எப்போதும் பெய்யும். ஹீட்டரை அதிகம் போடுவதில்லை, போட்டால் மூக்கு வறண்டுவிடுகிறது.

உங்கள் மருமகளுக்கு இந்த மாதம் ராத்திரி டியூட்டி. பகலில் அவள் தூங்குவாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, சோறு பொங்குவது, துணி துவைப்பது எல்லாம் நான்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கேட்கிற காசுக்கு, நான் வேலைக்குப் போனாலும் சம்பளம் அங்கேயே போய்விடும். ‘பொண்டாட்டிக்குச் சமைச்சுப் போடவா இவன் பிளேன் ஏறினான்’ என்று சித்தப்பா கேட்டாராமே. நர்ஸ் பெண் வேண்டாம் என்று முதலில் முகம் சுளித்ததும் அவர்தான், அவளுக்கு விசா வந்ததும் என்னை யோகக்காரன் என்றதும் அவர்தான். சபை அசன விருந்துக்கு வார்ப்பில் சோறு வடிப்பது ஆண்கள்தானே? அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பதும் சித்தப்பாதான். ஊருக்கே ஒருநாள் சமைத்தால் பெருமை, வீட்டில் மூன்று பேருக்குத் தினமும் சமைத்தால் கேலி. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த அசனத்துக்கு வராமல் இருந்துவிடுவார்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறாள். நான் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திருத்துவாள், ஆண்பிள்ளைக்குக் கிளிப் போடத் தெரியாதாம். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவள். கல்யாணமானால் பெண் அரசு வேலையை விட வேண்டும் என்று இங்கே சட்டமே இருந்திருக்கிறது. அதை 1973-இல்தான் எடுத்தார்கள். இவளுக்குக் கல்யாணம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, வேலையும் போயிற்று. வெள்ளைக்காரர்களிடம் இதெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். 1937-இல் வந்த இவர்கள் அரசியல் சட்டத்தில் தாய்மாரின் வீட்டுக் கடமை பற்றி எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்றலாமா என்று 2024 மார்ச்சில் ஓட்டு வைத்தார்கள், ஜனம் வேண்டாம் என்றுவிட்டது. பாட்டியும் வேண்டாம் என்றுதான் போட்டாளாம். பதிலுக்கு வைத்த வாசகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அயிலை இங்கே தாராளம், கொழுப்புதான் கொஞ்சம் கூடுதல். மரச்சீனி மலையாளி கடையில் ஐஸ் பிடித்த பாக்கெட்டாகக் கிடைக்கும். போன ஞாயிறு கிழங்கு அவித்து, நல்லமிளகும் மல்லியும் வறுத்து, தேங்காய் அரைத்து மீன்கறி வைத்தேன். கிழங்கு வெந்த மணம் வந்ததும் நீங்கள் அடுக்களையில் நிற்பதாகத் தோன்றிவிட்டது. அப்புறம் சாப்பிடவே பிடிக்கவில்லை. முற்றத்து வரிக்கைச் சக்கை காய்த்ததா அம்மா? யார் பறித்தார்கள்? நாய் ராத்திரி இன்னும் படியில்தான் படுக்கிறதா? இதையெல்லாம் யாரும் எழுதுவதே இல்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். அப்பா எழுதி வைக்காமல் போன ரப்பர் விளைக்கு, அக்காவிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கேட்கிறான் அண்ணன். ஸ்ரீதனம் கொடுத்தாயிற்று, பெண்ணுக்கு இனி என்ன பங்கு என்கிறான். அது பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கதை. 1916-ஆம் வருஷக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகன் பங்கில் நாலில் ஒன்றுதான் மகளுக்கு, அதுவும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. ஸ்ரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்து மேரி ராய் போட்ட வழக்கில், அந்தச் சட்டம் இப்போது நடப்பில் இல்லை, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று 1986-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதன்படி உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் எங்கள் மூன்று பேருக்கும் சமம்.

அந்த விளை வாங்கிய காசு யாருடையது? தாத்தா பனையேறினார். பாட்டி அக்கானி காய்ச்சி, கருப்பட்டியைச் சந்தைக்குச் சுமந்து விற்றாள். பத்திரம் மட்டும் தாத்தா பெயரில்.

அண்ணன் கெட்டவன் இல்லை. உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் மருந்து எடுத்துத் தருவதும் கால் தேய்த்துவிடுவதும் மைனிதானே. அவளுக்கென்று என் பங்கில் கொஞ்சம் எழுதித் தருகிறேன், அவள் பெயரிலேயே. இதை அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அக்கா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அத்தானைக் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று மட்டும் எடுத்து வைக்கட்டும். உங்கள் பெருவிரல் ரேகையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாக வரும், பேங்க்கில் ஏதோ சிக்கல். சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், அதுவரை அக்கா வாங்கித் தருவாள்.

உங்கள் இளைய மகன்