அந்த போட்டோவ நம்பி ஓட்டை போட்டுறாத

மாப்ள,

ஆறு மாசமா ஒரு ஹாய் கூட போடாதவன் திடீர்னு இவ்ளோ நீளமா எழுதுறானேன்னு திட்டுவ, திட்டு, ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு, செவுத்துல ஓட்டை போட்டுட்டியா? போடலன்னா ட்ரில்ல கீழ வை. போட்டுட்டேன்னா புட்டி வச்சு அடச்சுரு.

நேத்து மூக்கன் போன் பண்ணான். நீ மரம் கடையிற லேத் வாங்கிட்டியாம், நான் தீபாவளிக்கு குரூப்ல போட்ட போட்டோவ ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்து அதே மாதிரி உளி மாட்டுற ராக் அடிக்கப் போறியாம். எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு. லேத்துக்கு பின்னாடி செவுத்துல மூணடி மேக்னட் பட்டை, அதுல ஒம்பது உளியும் அரண்மனை வாள் மாதிரி வரிசையா, நம்ம ஹாஸ்டல் வார்டனே பாத்திருந்தாலும் பாராட்டிருப்பாரு. அத நான் கழட்டி நாலு மாசம் ஆச்சு. உங்க யார்கிட்டயும் சொல்லல, வெக்கம்தான், வேறென்ன.

நடந்தது இதான். மழைக்கு சாஞ்ச தூங்குமூஞ்சி மரத்துல ஒரு துண்டு கெடச்சுதுன்னு கிண்ணம் கடஞ்சுகிட்டிருந்தேன். அப்பதான் ஆபீஸ் கால் முடிச்சுட்டு வந்ததால ஃபுல் ஹேண்ட் சட்டை, கைப்பட்டனக் கூட மடிக்கல. கவுஜ், அதான் குழி உளிய வச்சுட்டு சுரண்டுற உளி ஸ்க்ரேப்பர எடுக்கணும், மோட்டார ஆஃப் பண்ண சோம்பேறித்தனம், சுத்திகிட்டிருக்குற கட்டைக்கு மேலயே கைய நீட்டுனேன். கட்டையக் கவ்விப் புடிக்குற சக்கோட ஜா, அதான் அதோட பல்லு, சட்டைக்கையப் புடிச்சுருச்சு. டர்ர்ருனு ஒரு சத்தம், அவ்ளோதான், முழங்கை வரைக்கும் கிழிஞ்சு துணி சக்குல சுத்திகிட்டிருக்கு, பட்டன் எங்கயோ தெறிச்சு போச்சு. நைஞ்ச சட்டைடா, அதனாலதான் கிழிஞ்சுது. அந்த வாரம் எடுத்த புது சட்டையப் போட்டிருந்தா துணி கிழிஞ்சிருக்காது, கை உள்ள போயிருக்கும். மணிக்கட்டுல செவப்பா ஒரு கோடு, மூணு நாள் இருந்துச்சு. கலாகிட்ட வாசல் கேட்டுல மாட்டிகிச்சுன்னு சொல்லிட்டேன்.

தப்பு சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, ராக் இருந்த இடம். அங்க மாட்டுனா ஒவ்வொரு தடவையும் சுத்துற கட்டைக்கு மேலதான் கை போகும், நூறு தடவ ஆஃப் பண்ணுவ, நூத்தியோராவது தடவ பண்ண மாட்ட. அதோட கட்டை சக்குலருந்து கழண்டா ஒண்ணு உன் மூஞ்சிக்கு வரும் இல்ல எதிர் செவுத்துக்குப் போகும், அங்க போயா கூரான உளிய வரிசையா மாட்டி வைக்கிறது? மேக்னட்டும் வேஸ்ட், உளிக்கே காந்தம் ஏறிடுது, கிரைண்டர்ல தீட்டுன இரும்புத்தூள் எல்லாம் முனையிலயே மீசை மாதிரி ஒட்டிகிட்டு போவேனாங்குது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை சன்னபட்னா போனேன், இங்க பெங்களூர்லருந்து மைசூர் ரோட்டுல அறுபது கிலோமீட்டர்தான். அங்க பொம்மை கடையிற ஒரு பெரியவர் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஆலெ மரம்னு சொல்றாங்க, நம்ம வெட்பாலைதான், வெள்ளையா வெண்ணெய் மாதிரி சீவுது. சுத்துற கட்டை மேலயே அரக்குக் குச்சிய அழுத்துறாரு, அந்த சூட்டுல உருகி ஒட்டிக்குது, அப்புறம் தாழை ஓலைய வச்சு ஒரு அழுத்து, பளபளன்னு ஆயிடுது. நான் பாத்தது அவரு உளியத்தான். மொத்தமே அஞ்சாறு, வலது கைக்குப் பக்கத்துல ஒரு பலகைல கெடக்கு, திரும்பிக் கூட பாக்காம எடுக்குறாரு. கட்டையத் தாண்டி அவரு கை ஒரு தடவ கூட போகல. எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

வந்ததும் புதுசு ஒண்ணு செஞ்சேன். லேத் முன்னாடி நின்னா, கட்டையோட மறு முனையத் தாங்குற டெயில்ஸ்டாக் நம்ம வலது பக்கம்ல, அந்தப் பக்க செவுத்துல. 12 எம்எம் ப்ளைவுட், அதுல எட்டு இன்ச் பிவிசி பைப் துண்டுங்க, உளிக்கு ஒண்ணு. இங்கயும் ஒரு கூத்து. 40 எம்எம் பைப் வாங்கிட்டு வந்து ஒம்பது துண்டு அறுத்து, பிசிறெல்லாம் தேச்சு, பெருமையா கைப்பிடிய உள்ள விட்டா போகல. 40ங்கிறது வெளி அளவாம்டா! உள்ள 36தான் இருக்கும், என் கைப்பிடி 38. ஸ்கேல் வச்சுப் பாக்காம வாங்குன இன்ஜினியர். அந்த துண்டுலதான் இப்ப சின்னவ பென்சில், பிரஷ் எல்லாம் இருக்கு. நீ 50 வாங்கு.

கைப்பிடி கீழ, கூர் மேல. தலைகீழா வச்சா எல்லாம் ஒரே மாதிரி கட்டையா தெரியும், எது முனை சாய்வா இருக்குற ஸ்கியூ, எது வெட்டிப் பிரிக்கிற பார்ட்டிங்னு ஒவ்வொண்ணா உருவிப் பாக்கணும். ஆனா கூர் மேல இருக்கறதால மொத்த பலகையும் செவுத்துப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கட்டும், குனிஞ்சா மூஞ்சில குத்தக் கூடாது. பைப் அடிய மூடாத, குறுக்க ஒரு ஸ்க்ரூ போதும், இல்லன்னா மரச்சுருள் உள்ள விழுந்து அடைச்சு ஒரே வாரத்துல உளியெல்லாம் எம்பி நிக்கும். நடுவுக்கு நடு மூணு இன்ச் விடு. எனக்கு ஒம்பதுக்கு ரெண்டேகால் அடி ஆச்சு, நீ இப்பவே பன்னெண்டுக்கு விட்டுரு, உன்ன எனக்குத் தெரியாதா, ஆன்லைன்ல பாக்குற கவுஜெல்லாம் வாங்குவ.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப என் தாடில நரைய எண்ணிச் சொல்றாங்க. சின்னவ பத்தாவது. அந்த ஹாஸ்டல் கட்டில் கால நீ இன்னும் வச்சிருக்கியாமே, மூக்கன் சொன்னான், அதையே மொதல்ல கடஞ்சுராத, ஒரு மாசம் வேப்பங்கட்டைல பழகு.

லேத் நிக்கிற இடத்த நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். அரைக்கை சட்டை போட்டுக்கோ. கலா உன்கிட்ட பேசுனா, அது கேட்டுல மாட்டுனதுதான், சரியா?

உன்
பாலு