கட்டுரைத் தலைப்பை மாற்றக் கோரி வாசகர் வட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக் கட்டுரைப் போட்டிக்கு ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நாவலை எடுத்துக்கொண்டு, 'எட்வர்டின் தன்னலமற்ற காதல்' என்ற தலைப்பை அறிவித்திருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகள் அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருப்பதால், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது. இராயப்பேட்டையில் இருபது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கும் எனக்கு, 'தன்னலமற்ற' என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழிக்கக் கை பரபரத்தது. படிக்காமல் சுழிப்பது முறையன்று என்பதால், இரண்டு இரவுகளில் நூலை முடித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

2005-இல் வெளிவந்த இந்த நாவலைப் பிள்ளைகள் கீழே வைக்காமல் படிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரையும், புதுப் பள்ளியில் எல்லார் பார்வையும் தன்மேல் விழும்போது பெல்லா என்ற பெண்ணுக்கு ஏற்படும் கூச்சத்தையும் மேயர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அவள் காதலிக்கும் இரத்தக்காட்டேரியான எட்வர்டின் அழகைச் சொல்லத் தொடங்கினால் அவருக்கு நிறுத்தத் தெரிவதில்லை. என் மேசைக்கு இது வந்திருந்தால், அடித்துத் தள்ளிய வருணனைகளே சில பக்கங்களுக்கு வந்திருக்கும். கதையை நகர்த்தும் ஆபத்தோ, பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே மூன்று வேற்று இரத்தக்காட்டேரிகள் வந்து நிற்கும்வரை, அதாவது நூலின் பெரும்பகுதி கழியும்வரை, தலைகாட்டுவதில்லை. இறுதிச் சண்டையின்போது கதை சொல்லும் பெல்லாவே நினைவிழந்துவிடுவதால், வில்லன் எப்படி ஒழிந்தான் என்பதை நாம் பார்ப்பதும் இல்லை.

நம் ஊர்ப் பேய்க்குக்கூட ஆணி, வேப்பிலை என்று ஏதாவது ஓர் எல்லை உண்டு. இந்த இரத்தக்காட்டேரிகளுக்கு வெயில்கூடப் பகையில்லை. உடல் வைரம்போல் மின்னுகிறது, அவ்வளவுதான். (கத்திரி வெயிலில் தியாகராய நகருக்கு வந்தால் நகைக்கடை வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள்.) இழப்பதற்கு எதுவும் இல்லாதவனிடம் தியாகத்தை எங்கே தேடுவது?

இவை கைத்திறனின் குறைகள். நான் எழுதுவதற்குக் காரணமான இடம் வேறு. பெல்லாவின் வீட்டுக் கூரை விளிம்பின் கீழ் மறைத்து வைத்திருக்கும் சாவியை எட்வர்ட் எடுத்துக் கதவைத் திறக்கிறான். சாவி அங்கே இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கிறாள்; அவள் தூங்குவதைப் பார்க்க ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வந்துகொண்டிருந்ததை அவன் ஒப்புக்கொள்கிறான். அவளுக்குக் கோபம் வரவில்லை, உள்ளூர மகிழ்கிறாள்; தூக்கத்தில் தான் எதையாவது உளறியிருப்போமோ என்பதே அவள் கவலை. 1918 முதல் பதினேழு வயதிலேயே நிற்கும் ஒருவன் செய்யும் இந்தக் காரியத்தை ஆசிரியரும் குற்றமாகப் பார்க்கவில்லை. 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில், அவள் தன் நண்பனைப் பார்க்கப் போகாதிருக்க அவளுடைய வண்டி எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். அதற்கும் அக்கறை என்றே பெயர்.

நம் அகப்பாடல்களிலும் தலைவன் இரவில் வருகிறான். ஆனால் இரவுக்குறி என்பது தலைவி அறிந்து, இடம் குறித்து, தோழியின் துணையோடு நடப்பது. யானையும் புலியும் திரியும் வழியில் ஏன் வருகிறாய், மணந்துகொள்ள எப்போது வருவாய் என்று தலைவனை நேருக்கு நேர் கேட்கத் தோழி இருக்கிறாள். பெல்லாவுக்கு ஜெசிக்கா, ஆஞ்சலா என்று வகுப்புத் தோழியர் இருந்தும், அப்படி ஒரு கேள்வி கேட்கும் நிலையில் ஆசிரியர் அவர்களை வைக்கவே இல்லை. அவளாகக் கேட்டுக்கொள்ளவும் விடவில்லை. இந்த நாவலின் பெருங்குறையாக நான் காண்பது இதைத்தான்.

சென்னையில் இது வெறும் இலக்கியச் சர்ச்சை அன்று. 1998-இல் இந்நகரில் கல்லூரி மாணவி ஒருவர் ஆண்களின் சீண்டலால் உயிரிழந்த பிறகே, பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. டியூஷன் முடிந்து வரும் என் மகளை எவனாவது தெருமுனைவரை பின்தொடர்ந்தால் அதைக் காதல் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

நூலை விலக்கும்படி நான் கேட்கவில்லை. விலக்கினால் தலையணைக்கு அடியில் வைத்துப் படிப்பார்கள். தலைப்பை மட்டும் மாற்றுங்கள். 'பெல்லாவுக்கு ஒரு தோழி இருந்திருந்தால்' என்று கொடுத்துப் பாருங்கள். அல்லது சாவி வரும் அந்தக் காட்சியை பெல்லாவின் தந்தை சார்லியின் பார்வையில் எழுதச் சொல்லுங்கள். அவர் ஊர்க் காவல்துறைத் தலைவர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. புதிய தாளை அனுப்பி வையுங்கள். பழையதை எடுத்துவிட்டு அதை நானே ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
போட்டியாளர் ஒருத்தியின் தாய்,
இராயப்பேட்டை, சென்னை