ஜூலு கிராமத்தை மாட்டுப்பட்டியிலிருந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு இன மக்கள் வாழும் கிராமம் என்றாலே நம் பத்திரிகைகளில் தோல் கேடயமும் மணிமாலையும் காலை உயரத் தூக்கி ஆடும் ஆட்டமும்தான் வருகின்றன. அந்தப் படங்களில் பல, சுற்றுலாவுக்காகவே கட்டிய இடங்களில் எடுத்தவை. எஷோவே ஊருக்கு அருகேயுள்ள ஷாகாலாந்து என்ற சுற்றுலாக் கிராமம், 1980களில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்ட செட். மக்கள் குடியிருக்கும் ஊரைப் புரிந்துகொள்ள மாட்டுப்பட்டியில் தொடங்க வேண்டும்.

ஜூலு மக்களின் குவாஜூலு-நடால் மாகாணத்து மலைச்சரிவுகளில் தெருவும் வரிசை வீடுகளுமாக ஊர் அமைவதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி வளவில் இருக்கும். அதற்கு 'உமுசி' என்று பெயர். நடுவே வட்டமான பட்டி, 'இசிபாயா'. அதைச் சுற்றிப் பிறைபோல வீடுகள். சரிவின் மேல்புறம் பெரிய வீடு, கீழ்ப்புறம் வளவின் வாசல். மழைத்தண்ணீரும் மாட்டு மூத்திரமும் வீட்டுப் பக்கம் ஏறாமல் கீழே வடிய இந்த வாட்டம்தான் உதவுகிறது. முன்னோர்கள் பட்டியிலும் உறைகிறார்கள் என்பது நம்பிக்கை. அதனால் வெளியாட்கள், குறிப்பாகப் பெண்கள், கேட்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. படம் எடுக்கப் போகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அந்தப் பட்டியின் தரைக்கு அடியிலேயே முன்பு தானியக் குழி வெட்டினார்கள். வாய் குறுகி, உள்ளே அகன்ற குழி. சோளமோ மக்காச்சோளமோ கொட்டித் தட்டைக்கல்லால் மூடி, சாணத்தால் பூசிவிடுவார்கள். மாடு மிதித்து இறுகிய சாணம் மழையைத் தடுக்கும், திருடன் கண்ணுக்கும் இடம் தெரியாது. பூச்சில் விரிசல் விழுந்தால் தண்ணீர் இறங்கி ஓரத்துத் தானியம் புளித்துப்போகும். குழியைத் திறந்த உடனே இறங்கவும் கூடாது: தானியம் மூச்சுவிட்டு உள்ளே கரியமில வாயு தேங்கியிருக்கும், இறங்கியவர் மயங்கிச் சாகலாம். காற்றாட விட்ட பிறகே இறங்க வேண்டும்.

வளவின் பழைய வீடான தேன்கூடு வடிவக் குடிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் அழகோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வளையும் இளங்கொம்புகளை வட்டமாக ஊன்றி, எதிரெதிரே வளைத்து, குறுக்கிடும் இடமெல்லாம் புல்கயிற்றால் கட்டுகிறார்கள். உள்ளே நடுக்கால் தாங்கும். குளிர்காலத்தில் காய்ந்த பிறகு அறுத்த புல்லை வேய்ந்து, மேலே கயிற்று வலை போட்டு இறுக்க வேண்டும். பச்சைப் புல்லை வேய்ந்தால் சுருங்கி இடைவெளி விட்டு ஒழுகும். தரைக்குக் கறையான் புற்று மண். இடித்து இறுக்கி, சாணம் மெழுகி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். நடுவே அடுப்புக் குழி. புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே கசிந்து வெளியேறும். அந்தப் புகைதான் கொம்பைத் துளைக்கும் வண்டையும் கறையானையும் அண்டவிடாமல் வைத்தது. சமையல் தனி அறைக்குப் போய் அடுப்பு அணைந்ததும் கூரை சீக்கிரமே உளுத்துப்போகிறது. இன்று கல் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள் மாறியதை 'பண்பாட்டு இழப்பு' என்று ஒரு வரியில் எழுதிவிடுவது நியாயமில்லை. கொம்பும் புல்லும் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

அந்த மாடுகள் தரும் பாலைக் காய்ச்சாமல் சுரைக்குடுக்கையில் ஊற்றிப் புளிக்கவிட்டால் 'அமாசி'. குடுக்கையின் அடியில் ஒரு சிறு துளை, அதில் அடைப்பான். சில நாளில் பால் திரிந்ததும் அடைப்பானைத் திறந்து தெளிநீரை வடித்துவிட்டு, கெட்டித் தயிரை உதிரியான மக்காச்சோளக் களியோடு சாப்பிடுவார்கள். பதப்படுத்திய பாக்கெட் பாலை அப்படியே வைத்தால் உறையாது, கசந்து கெட்டுப்போகும்.

மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் 'லோபோலா'வும் இந்தப் பட்டியிலிருந்தே போனது. 10 மாடும் பெண்ணின் தாய்க்கு ஒன்றுமாக 11 என்ற கணக்கு, 1869-ல் பிரிட்டிஷாரின் நடால் காலனி அரசு சாதாரணக் குடும்பங்களுக்கு வைத்த வரம்பு. இப்போது பெரும்பாலும் பணமாகக் கணக்கிடுகிறார்கள். இதைப் பெண்ணுக்கு விலை என்று தலைப்பிடுவது தவறு. இரண்டு குடும்பங்களைக் கட்டிவைக்கும் ஏற்பாடு அது.

இவற்றையெல்லாம்விடச் செய்தியாக வேண்டியது நிலம். 1994-ல் உருவான இங்கோன்யாமா அறக்கட்டளையின் பெயரில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் இருக்கிறது. ஜூலு மன்னர்தான் அறங்காவலர். கிராமத்தில் மனைக்கட்டு வேண்டுமென்றால் பகுதித் தலைவரான 'இந்தூனா'விடம் போக வேண்டும். அவர் அக்கம்பக்கத்தாரை வைத்து எல்லை காட்டி, குலத் தலைவரான 'இன்கோசி'யின் ஒப்புதல் வாங்கித் தருவார். இப்படித் தலைமுறையாக இருந்தவர்களிடம் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி ஆண்டு வாடகை கேட்டது அறக்கட்டளை. அது சட்டவிரோதம், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. சொந்த வீட்டு மனைக்கு வாடகை கட்டும் நிலைக்குத் தள்ளப்பட்ட கிராமத்து மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது எவ்வளவு பெரிய தீர்ப்பு! அடுத்த முறை ஜூலு கிராமம் பற்றி வெளியிடும்போது ஆட்டப் படத்தின் அளவைக் குறைத்து, இந்த வழக்குக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்கள்