பார்க்கிற மாதத்துக்கு மட்டும் கட்டு

மண்டபம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை.

நீ அனுப்பிய செலவுக் கணக்கைப் பார்த்தேன். வாடகை, பள்ளிக் கட்டணம், பால், மளிகை இதிலெல்லாம் கை வைக்க முடியாதுதான். கடைசி வரியில் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குப் புருவம் ஏறியது. படம் பார்க்கிற நாலு ஆப், டிடிஹெச், பிராட்பேண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய்க்குப் பக்கம் போகிறது. போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டிவி பார்க்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஊரார் வீட்டு டிவியைக் கழற்றி மாட்டித்தான் உன்னைப் படிக்கவைத்தேன். நான் சொல்வது இவ்வளவுதான்: பார்க்கிற மாதத்துக்குக் கட்டு, பார்க்காத மாதத்துக்குக் கட்டாதே.

நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். கையில் காசு ஓடாது. ஆரம்பத்திலேயே பல வீட்டில் டிடிஹெச் ரீசார்ஜை விட்டுவிடுவார்கள். தெருவில் யாராவது ஒருவர் கட்டியிருப்பார். கிரிக்கெட் என்றால் எல்லோரும் அவர் வீட்டுத் திண்ணையில்தான். படகு போய், பிடித்த மீனை விற்ற முதல் காசு வந்ததும் மறுபடி கட்டுவார்கள். இணைப்பை நிறுத்திவைத்ததற்காக யாரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. நீ இருக்கிற தாம்பரத்தில் மட்டும் எல்லா மாதமும் எல்லாமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

அந்த நாலு ஆப்பையும் எடுத்துக்கொள். போன தடவை வந்தபோது பார்த்தேன், மாப்பிள்ளை ஒன்றைத் திறக்கிறார், நீ ஒன்றைத் திறக்கிறாய், மற்ற இரண்டை யாரும் தொடவே இல்லை. காசு மட்டும் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆட்டோபே என்று ஒரு தடவை சம்மதம் கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காது. ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் செய்தி அனுப்பியாக வேண்டும், அது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தியைத்தானே நீ படிக்காமல் தள்ளிவிடுகிறாய்? யுபிஐ வழியாகக் கட்டுவது என்றால் பணம் அனுப்புகிற ஆப்பிலேயே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். யார் யாருக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறாய் என்று அதில் வரிசையாகக் காட்டும். இன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பார். மறந்துபோனது ஒன்றிரண்டு அதில் கிடக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

இன்னொன்று. பிராட்பேண்ட் திட்டத்திலும் போன் ரீசார்ஜிலும் சில ஆப்பைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். அதில் இருப்பதற்கே நீ தனியாகவும் கட்டிக்கொண்டிருக்கலாம். பில்லை எடுத்து ஒப்பிட்டுப் பார்.

அப்புறம் மாதத்துக்கு ஒரே ஆப் என்று வைத்துக்கொள். அதில் பார்க்க நினைத்ததைப் பார்த்து முடி, அடுத்த மாதம் வேறொன்று. கட்டின அன்றைக்கே ரத்தும் செய்துவிடு. பெரும்பாலான ஆப்பில் ரத்து செய்தாலும் கட்டின காலம் முடியும்வரை படம் ஓடும். வருடச் சந்தா மலிவு என்று காட்டுவான். பன்னிரண்டு மாதமும் பார்க்கிறவனுக்குத்தான் அது மலிவு.

காசில்லாமல் டிவி பார்ப்பதில் நம் கடற்கரைக்காரர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இலங்கை ரூபவாஹினி 1982-ல் வந்தது. அதற்கப்புறம் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, இரும்புப் பைப்பை உயர்த்தி, பூஸ்டர் போட்டால் படம் வந்தது. சிங்களம் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். கோடையில் காற்று அடங்கிய இரவுகளில் படம் கண்ணாடிபோல் விழும். கடல் மேல் ஈரக் காற்று தங்கி, அதற்கு மேல் சூடான காற்று நின்றால், டிவி அலை மேலே தப்பிப் போகாமல் கடலை ஒட்டியே வளைந்து வரும், அதுதான் விஷயம். கச்சான் காற்று அடித்தால் அத்தனையும் புள்ளி. எனக்கு வேலை கொடுத்ததோ உப்புக் காற்று. அலுமினியக் குழாய் வெள்ளையாய்ப் பொரிந்துபோகும். ரிப்பன் வயர் சேருகிற இடத்தில் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். சுரண்டி, முறுக்கி, கிரீஸ் தடவிவிட்டு இறங்குவேன். சில வீட்டில் கூலிக்குப் பதிலாக மீன்தான் வரும். உன் அம்மாவுக்கு அதில் புகார் இருந்ததில்லை.

இப்போது அதே மாதிரி ஒன்று இருக்கிறது, டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனுடையது, 2004-லிருந்து நடக்கிறது. குடையும் பெட்டியும் ஒரு தடவை வாங்கிவிட்டால் போதும், மாதக் கட்டணம் கிடையாது. தமிழ்ச் சேனல் அதில் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். சீரியல் பார்க்கிற உன் மாமியாருக்கு ஒத்துவருவது சந்தேகம். அவர்களுக்காக டிடிஹெச் இருக்கட்டும். ஆனால் மொத்தப் பேக் வேண்டாம், அவர்கள் பார்க்கிற சேனலை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடு. 2019-லிருந்தே அப்படி எடுக்க வழி இருக்கிறது. போனில் பார்ப்பது என்றால் பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பில் டிடி தமிழ் சும்மாவே வருகிறது.

என் கடையில் நாள் முழுக்க ரேடியோதான். பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே 2016-ல் தொடங்கிய கடல் ஓசை 90.4 உனக்கு அங்கே எடுக்காது. ஆனால் ஆகாசவாணி நிலையங்களை அதன் ஆப்பில் கேட்கலாம். சமைக்கும்போது கண் எதற்கு, காது போதும்.

குட்டிப் பையனை ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப்போனால் டிக்கெட்டைவிடப் பாப்கார்னுக்குத்தான் அதிகம் ஆகிறது என்று நீயே சொன்னாய். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது. பிள்ளைகள் பகுதியில் ஒரு பெரிய மரம் செய்து வைத்திருக்கிறார்கள், அதன் கீழேயே உட்கார்ந்து படிக்கலாம். தாம்பரத்திலிருந்து தொலைவுதான், ஆனால் ரயிலில் போவதே அவனுக்கு ஒரு விளையாட்டு. வீட்டில் படிக்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடக்கின்றன. மாப்பிள்ளைக்கு அது பிடிக்கும்.

அப்பத்தாவின் பல்லாங்குழியை அம்மா துடைத்து வைத்திருக்கிறாள், சோழியோடு. புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்றைக்கு விட்டார்களே அந்தத் தாம்பரம் ரயில், அதில் உன் மாமா வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பேரனுக்குக் கூட்டல் கழித்தல் தகராறு என்றாய். குழிக்கு ஐந்தாகப் போட்டு இரண்டு ஆட்டம் ஆடினால் விரல் விடாமல் எண்ணுவான். ஆட உனக்கு நேரமில்லையென்றால் மாமியாரிடம் கொடு. சீரியலுக்கு நடுவே விளம்பரம் வரும்போதாவது ஆடட்டும்.

ஃப்ரீ டிஷ் வைப்பதாக இருந்தால், முதலில் மொட்டை மாடிக்குப் போய்த் தென்கிழக்கே வானம் திறந்திருக்கிறதா என்று பார். தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து அடுக்குமாடியோ மறைத்தால் காசு வீண். நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வை, சுவரில் துளை போட விடுவாரா என்று.

அப்பா