‘கேள்’ ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாணவர்களுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல்களில் ‘ஹியர் – கேள், லிஸன் – கேள், ஆஸ்க் – கேள்’ என்று அச்சிடுவதை இனியாவது நிறுத்த வேண்டும். இதை மனப்பாடம் செய்யும் பிள்ளை எங்கே எதைப் போடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறது. இத்தனைக்கும் அந்த வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது. ஹியர் என்றால் காதில் விழுவது, லிஸன் என்றால் காது கொடுப்பது, ஆஸ்க் என்றால் வினவுவது. ‘ஐ லிஸன்ட், பட் ஐ ஹர்ட் நத்திங்’ என்றால், காது கொடுத்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. ‘லிஸன் மீ’ தவறு, நடுவில் ‘டு’ வர வேண்டும். ஹியருக்கு அது வேண்டாம். ‘பார்’ என்பதும் இப்படித்தான்: கண்ணில் படுவது ஸீ, பார்வையைத் திருப்புவது லுக் அட், நடப்பதைத் தொடர்ந்து கவனிப்பது வாட்ச்.

அதிகம் தடுக்கி விழும் இடம் ‘சொல்’. டெல் வந்தால் பெரும்பாலும் யாரிடம் என்பது உடனே வர வேண்டும்: ‘ஷீ டோல்ட் மீ’. ஸே வந்தால் சொன்ன செய்தி முதலில் நிற்கும். ஆளைக் குறிப்பிட்டால் ‘டு’ சேரும்: ‘ஷீ செட் டு மீ’. ‘ஷீ செட் மீ’ என்பதும், ஆளே இல்லாமல் ‘ஷீ டோல்ட் தட்’ என்று தொடங்குவதும் பிழை. உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆள் இல்லாமலே டெல் வரும். எக்ஸ்ப்ளெயின் பொருளில் டெல்லுக்கு நெருக்கம், அமைப்பிலோ ஸேயின் கட்சி. அதனால் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ கூடாது, ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்பதே சரி.

புத்தகத்தை மேசைமேல் வைக்கச் சொல்லும்போது பலர் கீப் என்கிறார்கள். ‘வை’ என்பது புட், ‘வைத்திரு’ என்பது கீப். அந்த ‘இரு’வை விட்டுவிடுவதுதான் கோளாறு.

ரைஸ், ரெய்ஸ் இரண்டுக்கும் தன்வினை, பிறவினை பாடமே போதும்: எழு, எழுப்பு. லை, லே மட்டும் கொஞ்சம் பொல்லாதவை. லை என்றால் படு, லே என்றால் கிடத்து. ஆனால் லையின் இறந்தகாலமும் லேதான். ஆகவே ‘படுத்தான்’ என்பதற்கு லே, ‘கிடத்தினான்’ என்பதற்கு லெய்ட்.

தங்கள் மாணவர் பகுதியில் ஒவ்வொரு வினைச்சொல்லையும், அதை அடுத்து என்ன வரும் என்பதோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் வெளியிடுங்கள். நாளுக்கு இரண்டு சொற்கள் போதும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்